காணாமல் போன இரண்டு ஏபி

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வானத்திலிருந்து பாடம் வர ஆரம்பித்தது 2008 செப்டம்பரில், ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு. அதற்கு முன்பு பத்தொன்பது வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் என்னிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இந்த விவரம் விண்வழிக் கல்வி இயக்ககத்துக்கு எட்டவில்லை போலிருக்கிறது. திறப்பு விழாவுக்கு வந்த இணை இயக்குநர், "இதுநாள்வரை கல்வியின் வாசனையே படாத இந்தப் பிஞ்சு உள்ளங்களுக்கு" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். எல்லோரும் தட்டும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது.

பள்ளிக்கூடம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் இருக்கிறது. காலையில் பெஞ்சைத் துடைத்தால் மத்தியானத்துக்குள் கறுப்பாகத் தூள் படிந்துவிடும். பிள்ளைகளின் அப்பாக்கள் பெரும்பாலும் இரும்பு மில்களில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்கள். சூப்பர்வைசர் பகலை இரவென்று சொன்னாலும் "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு வீடு திரும்புகிறவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. "இல்ல சார்" என்று சொன்னால் மறுநாள் கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஆனால் அந்த "ஆமா சார்" பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்து மூன்றும் நான்கும் எட்டு என்று போர்டில் எழுதினால், நாற்பத்தாறு பேரும் எட்டு என்றே எழுதிக்கொள்வார்கள்.

இதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம்தான் வெள்ளிக்கிழமைத் தப்பு. வெள்ளிதோறும் பாடத்தின் நடுவில் வேண்டுமென்றே ஒரு தப்பை எழுதுவேன். எழுதிவிட்டுத் திரும்பி நின்று, மனசுக்குள் பத்து எண்ணுவேன். "தப்பு, டீச்சர்!" என்று முதலில் கத்துகிற பிள்ளை எழுந்து வந்து என் கையிலிருக்கும் சிவப்புச் சாக்பீஸை வாங்கித் திருத்தலாம். அந்தச் சாக்பீஸை வீட்டுக்கும் கொண்டுபோகலாம். முதல் ஐந்தாறு வெள்ளிக்கிழமை ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. பெரியவர்கள் எழுதியதைத் தப்பு என்று சொல்லும் தைரியம் வர ஒரு பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆகிறது. அது வந்துவிட்டால் அப்புறம் கணக்கு தானாக வரும். அந்த வருஷம் முதலில் வாயைத் திறந்தவள் ஜபீன். பழவேற்காட்டிலிருந்து வந்து பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் உமர் பாரூக்கின் மகள். ஆகஸ்டு முடிவதற்குள் வகுப்பு மொத்தமும் வெள்ளிக்கிழமைக்காகக் காத்துக்கிடந்தது. என் சர்வீஸில் உருப்படியாக என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

என் பாடக்குறிப்பு நோட்டில் அந்தத் தப்பையும் அப்படியே எழுதி வைத்திருப்பேன். எனக்கு அடையாளம் தெரிவதற்காக ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. கீழே, "எழுது. திரும்பு. பத்து எண்ணு" என்று ஒரு வரி.

இந்த நோட்டை என்னைத் தவிர ஒரே ஒருத்திதான் தொட்டிருக்கிறாள். கிரேஸ், எங்கள் பள்ளியின் சமூக அறிவியல் டீச்சர். பதினோரு வருஷம் பொன்னேரியிலிருந்து இரண்டு பேரும் ஒரே ரயில், ஒரே லேடீஸ் பெட்டி. அவள் டப்பாவில் இட்லி இருக்கும், என் டப்பாவில் சட்னி இருக்கும். மே மாதம், "எம் பொண்ணு கணக்குல ரொம்ப வீக்கா இருக்கா சுகிர்தா. உன் நோட்டக் குடு, நாலு நாள்ல தந்துடறேன்" என்றாள். கொடுத்தேன். சொன்னபடி நாலே நாளில் திருப்பித் தந்தாள். ஜூலையில் அயல்பணி என்று சென்னைக்குப் போனாள். என்ன வேலை என்று கேட்டதற்கு, "ஏதோ ஆபீஸ் வேலைடி" என்று சொன்னாள். நானும் நம்பினேன்.

திறப்பு விழா முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு விதிமுறைக் கையேடு கொடுத்தார்கள். மாடியில் டிஷ். வகுப்பில் இரும்புப் பெட்டிக்குள் ஒரு டிவி. பெட்டிச் சாவி அலுவலக உதவியாளர் அப்பாவுவிடம். டிவி இருக்கும் அறைக்குள் செருப்பு கூடாது. ஒளிபரப்பு நேரத்தில் ஆசிரியர், ஆசிரியர் என்று அழைக்கப்படமாட்டார். அவர் உதவுநர். உதவுநர் டிவிக்கு இடதுபுறம் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். பேசக் கூடாது. மாணவர்களுக்குச் சந்தேகம் இருந்தால் பத்து நாள் முன்னதாகப் படிவம் ஏழில் எழுதி அனுப்பி அனுமதி பெற வேண்டும். இன்னும் பத்து நாள் கழித்துத் தனக்கு என்ன சந்தேகம் வரும் என்று ஒரு பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். தலைமையாசிரியர் ஆதிகேசவன் கைகூப்பினார். "டீச்சர், எனக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான் இருக்குது. பேஜாரு பண்ணாதீங்க."

பதினொரு மணிக்கு டிவி எரிந்தது. வணக்கம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவள் கிரேஸ்.

பிள்ளைகள் "ஐ, கிரேஸ் டீச்சர்!" என்று கத்தினார்கள். எனக்கும் முதலில் சந்தோஷம்தான். சமூக அறிவியல் நடத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கணக்கு நடத்தினாள். "ஒரு ரயில் பொன்னேரியில் கிளம்புகிறது, கவரைப்பேட்டையில் பத்துப் பேர் இறங்குகிறார்கள், அது மைனஸ் பத்து" என்றாள். அது என் ரயில். கவரைப்பேட்டையில் இறங்கும் அந்தப் பத்துப் பேரும் என் ஆட்கள். கன்னியாகுமரியில் டிவி பார்க்கும் பிள்ளைகளுக்குக் கவரைப்பேட்டை எங்கே இருக்கிறதென்று தெரியுமா என்ற யோசனைகூட இல்லாமல், என் நோட்டின் முப்பத்திரண்டாம் பக்கத்தை வரி மாறாமல் ஒப்பித்தாள். நான் இடதுபுறம் மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, என் பாடத்தை நானே வாய் மூடிக் கேட்டேன். வயிறு எரிந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

சமூக அறிவியல் டீச்சரைக் கணக்குக்கு எப்படிப் போட்டார்கள் என்று பிற்பாடு விசாரித்தேன். குரல் தேர்வும் புடவைத் தேர்வும் நடந்ததாம். இரண்டிலும் கிரேஸ் முதலிடம்.

புதன்கிழமை பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது. அந்த வருஷம் போகாத நாள் கிடையாது. நான் சாக்பீஸை எடுத்தேன். ஆதிகேசவன் சார் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா டீச்சர் பண்றீங்க?"

"கரண்ட் இல்லையே சார். மீதியை நான் நடத்திடறேன்."

"கையேடு பாக்கலியா நீங்க? கரண்ட் இல்லாட்டியும் பாடம் மேல நடந்துக்கினுதான் இருக்குது. நடந்துக்கினு இருக்கிற பாடத்துல நீங்க பூந்தா எப்படி?"

ஆகவே நாற்பத்தாறு பிள்ளைகளும் நானும் இருட்டு டிவியைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் அப்பாவு படிவத்தைக் கொண்டுவந்தார். பாடம் புரிந்ததா? ஆம் என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

அன்று மாலை ரயிலில் என் நோட்டைப் புரட்டினேன். கிரேஸ் போகிற வேகத்துக்கு வெள்ளிக்கிழமை முப்பத்தாறாம் பக்கம் வரும். முப்பத்தாறாம் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தது. ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்றால் ஏ ஸ்கொயர் ப்ளஸ் இரண்டு ஏபி ப்ளஸ் பி ஸ்கொயர். தமிழ்நாட்டில் எட்டாவது தாண்டிய யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். வேண்டுமென்றே அதில் நடு இரண்டு ஏபியை விட்டுவிட்டு எழுதியிருந்தேன். நோட்டைத் திருப்பித் தந்துவிட்டாளே, கிரேஸிடம் இருப்பது ஜெராக்ஸ்தான். ஜெராக்ஸில் சிவப்பு வராது. அவளுக்கு அது வெறும் கறுப்புப் புள்ளி.

துரோகம் செய்தவள் அவமானப்படட்டும் என்று விட்டிருக்கலாம். பதினோரு வருஷ இட்லி விடவில்லை. போன் போட்டேன்.

"வாழ்த்து சொல்ல இப்பத்தான் தோணிச்சா?" என்றாள் கிரேஸ்.

"கிரேஸ், வெள்ளிக்கிழமைப் பாடத்துல ஒரு தப்பு இருக்கு. நான் பசங்களுக்காக வேணும்னே எழுதி வச்சது. ரெண்டு ஏபி சேத்துக்கோ."

"என் பாடத்துல தப்பு கண்டுபிடிக்கறியா?"

"உன் பாடமா?"

"ஸ்கிரிப்ட் கமிட்டில அப்ரூவ் ஆயிடுச்சு சுகிர்தா. இனிமே ஒரு கமா போடணும்னாலும் அஞ்சு பேர் கையெழுத்து வேணும். பொறாமப்படாத, உடம்புக்கு ஆகாது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் கொடுத்தேன். நாளைய ஒளிபரப்பில் இன்ன இடத்தில் இன்ன பிழை வரும், தயவுசெய்து தடுக்கவும் என்று. ஆதிகேசவன் சார் இரண்டு தடவை படித்தார். "நாளைக்கு வரப்போற தப்பு உங்களுக்கு இன்னிக்கே எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பதில் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. கடிதத்தில் தேதி முத்திரை குத்திப் பத்திரமாகக் கோப்பில் வைத்தார். அவர் அவ்வளவு பத்திரமாக வைத்தது எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை, முதல் வாரத்தின் வெற்றியை நேரில் பார்க்க இணை இயக்குநரே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு முன்வரிசையில் அமர்ந்தார். கிரேஸ் மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் வந்தாள். ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர் ஈக்குவல் டு ஏ ஸ்கொயர் ப்ளஸ் பி ஸ்கொயர் என்று எழுதினாள். எழுதிவிட்டுத் திரும்பினாள். சிரித்தபடி நின்றாள். என் நோட்டில் இருந்தபடியே பத்து எண்ணினாள்.

மற்ற ஐநூற்றுத் தொண்ணூற்றொன்பது பள்ளிக்கூடங்களிலும் அந்தப் பத்து எண்ணிக்கையும் அமைதியாகக் கழிந்தது என்று பிறகு தெரிந்தது. எங்கள் வகுப்பில் நாலு எண்ணுவதற்குள் பெஞ்சு நகர்ந்தது.

"தப்பு, டீச்சர்!"

ஜபீன். அவளுக்குப் பின்னால் நாற்பத்தைந்து பேரும். "தப்பு! தப்பு! ரெண்டு ஏபியக் காணோம்!" அன்று வெள்ளிக்கிழமை. அவர்கள் இதற்காகத்தான் ஒரு வாரம் காத்திருந்தார்கள். ஜபீன் ஓடி வந்து என் கையிலிருந்த சிவப்புச் சாக்பீஸை வாங்கினாள். ஆமாம், கையில் வைத்திருந்தேன். பழக்கதோஷம் என்று பிறகு நடந்த விசாரணையில் சொன்னேன். உண்மை அதுவல்ல. டிவிக் கண்ணாடியில் சாக்பீஸ் பிடிக்கவில்லை. நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, கிரேஸின் கன்னத்துக்கு மேலே ப்ளஸ் இரண்டு ஏபி என்று அழுத்தி எழுதினாள். வானத்திலிருந்து வந்த தப்பையே தப்பு என்று சொல்லிவிட்டாளே, இனி இந்தப் பெண் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். டிவியில் கிரேஸ் பத்து எண்ணி முடித்து, "எல்லாருக்கும் புரிஞ்சிதா? ரொம்ப நல்லது" என்று அடுத்த கணக்குக்குப் போனாள்.

இணை இயக்குநர் எழுந்து நின்றார். "என்ன நடக்குது இங்க?"

ஜபீன் சாக்பீஸும் கையுமாக அவரிடம் விளக்கினாள். "சார், மூணும் நாலும் ஏழு. ஏழேழு நாப்பத்தொம்போது. டிவில சொன்னாப்ல போட்டா ஒம்போதும் பதினாறும் இருபத்தஞ்சுதான் வருது. மீதி இருபத்துநாலு எங்க சார் போச்சு?"

அவர் ஆதிகேசவன் பக்கம் திரும்பினார். "இந்தக் கேள்விக்கு முன் அனுமதி இருக்கா?"

"இல்லீங்கய்யா."

"அப்ப இது கேள்வியே இல்ல" என்றார் இணை இயக்குநர். சென்னைக்குப் போன் போட்டார். அங்கேயிருந்து பதில் வந்தது. ஐநூற்றுத் தொண்ணூற்றொன்பது பள்ளிகளில் பாடம் புரிந்ததாகப் படிவம் வந்திருக்கிறது. "பாத்தீங்களா, எல்லாருக்கும் புரிஞ்சிருக்கு. உங்களுக்கு மட்டுந்தான் புரியல."

அடுத்த புதன்கிழமை தலைமையாசிரியர் அறையில் விசாரணை. கிரேஸ் இயக்ககத்தின் காரில் வந்தாள். என்னைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

என்மேல் குற்றச்சாட்டு இதுதான்: விண்வழிக் கல்வியைச் சீர்குலைக்கும் நோக்கத்தோடு, முன்கூட்டியே திட்டமிட்டு, ஒரு பிழையைச் செயற்கைக்கோளில் ஏற்றியது. ஆதாரம், தேதி முத்திரையோடு நான் எழுதிக்கொடுத்த எச்சரிக்கைக் கடிதம்.

"நீங்க ஒரு ஆசிரியை. தெரிஞ்சே தப்பா எழுதுவீங்களா?" என்று கேட்டார் இணை இயக்குநர்.

"வெள்ளிக்கிழமை மட்டும் எழுதுவேன் சார்."

"எத்தனை வருஷமா?"

"பத்தொன்பது வருஷமா."

பக்கத்திலிருந்த எழுத்தர் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். வருஷத்துக்கு நாற்பது வெள்ளிக்கிழமை, ஆக எழுநூற்று அறுபது தப்பு. பெருக்கல் சரியாக இருந்தது. அந்த அறையில் அன்றைக்குச் சரியாக வந்த கணக்கு அது ஒன்றுதான்.

"கிரேஸ் என் நோட்டை ஜெராக்ஸ் எடுத்தாங்க சார். நான் போன்லயும் சொன்னேன்."

கிரேஸ் தலையை ஆட்டினாள். "எந்த போனும் வரலீங்க. பதினோரு வருஷம் ஒரே ரயில்ல வந்தோம். ஒரே டப்பால சாப்பிட்டோம். நம்பி வாங்குன நோட்டுல தப்ப எழுதி வச்சு எனக்குக் குழி பறிப்பாங்கன்னு கனவுலயும் நெனைக்கலீங்க. மனுஷங்கள எப்படி சார் நம்பறது?" என்று சொல்லி உண்மையாகவே அழுதாள். இணை இயக்குநர் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நடிக்கவில்லை. நான்தான் தனக்குத் துரோகம் செய்தவள் என்று அவள் மனப்பூர்வமாக நம்பிவிட்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சரி சார், என்னைத் தண்டிங்க. ஆனா இரண்டு ஏபியை மட்டும் திருத்திடுங்க. பிள்ளைங்க தப்பாப் படிச்சிடுவாங்க" என்றேன்.

இணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அன்பாகவே பேசினார். "அம்மா, மனுஷன் தப்பு பண்ணுவான்னுதான் நாம மிஷினுக்கே போனோம். இப்ப அதுவும் தப்பு பண்ணும்னு ஒத்துக்கிட்டா எங்க போறது? இன்னிக்கு இரண்டு ஏபி எங்கன்னு கேப்பாங்க. நாளைக்கு டிஷ் எதுக்குன்னு கேப்பாங்க. அப்புறம் இயக்ககம் எதுக்குன்னு கேப்பாங்க. அப்புறம் இணை இயக்குநர்..." அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கிரேஸுக்கு வந்த தண்ணீரை அவரே குடித்தார்.

பத்து நாளில் சுற்றறிக்கை வந்தது. ஒளிபரப்பான வடிவமே விண்வழி முறை என்று அறியப்படும். அனைத்துப் பள்ளிகளும் அதையே பின்பற்ற வேண்டும். அரையாண்டுத் தேர்வில் இரண்டு ஏபி சேர்த்து எழுதும் மாணவர்களுக்கும் மனிதாபிமான அடிப்படையில் மதிப்பெண் வழங்கலாம். எனக்கு வேலை போகவில்லை. இரண்டு நிபந்தனைகள் மட்டும் போட்டார்கள். வகுப்பிலுள்ள நாற்பத்தாறு பேரும், "தொலைக்காட்சியில் நான் பிழை எதையும் காணவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு தலைமையாசிரியர் முன்னிலையில், விண்வழி முறையை நான் என் கையாலேயே போர்டில் எழுதி நடத்த வேண்டும்.

நாற்பத்தைந்து பேர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்கள். ஜபீன் போடவில்லை. மறுநாள் உமர் பாரூக்கை வரவழைத்தார்கள். அரை மணி நேரம் தலைமையாசிரியர் அறையில் இருந்துவிட்டு வராந்தாவில் என்னிடம் வந்தார்.

"டீச்சர், ஊட்ல வந்து அந்த இருபத்துநாலு கணக்க எங்கிட்ட போட்டுக் காமிச்சிச்சு. சரியாத்தான் போட்டிருக்குது. எனக்கே தெரியுது."

"பின்ன ஏன் பாய்?"

"கையெழுத்துப் போடலைன்னா டிசி குடுத்துடுவாங்களாம். நடு வருஷத்துல எந்த ஸ்கூல்ல சேத்துக்குவான்? பொட்டப்புள்ள, ஒரு வருஷம் ஊட்ல குந்திச்சின்னா அப்பறம் படிக்க அனுப்ப மாட்டாங்க எங்காளுங்க." அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "நீங்கதான தெகிரியம் குடுத்தீங்க. நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க, போட்ரும்."

நான் சொல்லவில்லை. என் வாயால் அதைச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மத்தியானம் படிவத்தில் நாற்பத்தாறாவது கையெழுத்தும் இருந்தது. எழுத்து அழகாக, கோணாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆதிகேசவன் சார் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் படிவத்தோடு அப்பாவு. டிவிப் பெட்டி பூட்டியிருந்தது. நான் போர்டில் எழுதினேன். ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர் ஈக்குவல் டு ஏ ஸ்கொயர் ப்ளஸ் பி ஸ்கொயர். கீழே எதுவும் எழுதவில்லை. திரும்பினேன். இடது கையில் சிவப்புச் சாக்பீஸ் இருந்தது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரியே பிடித்திருந்தேன். ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை கத்தினால் போதும், அதற்கப்புறம் வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்துதான் வந்திருந்தேன்.

எண்ணினேன். பத்து வந்தது. இருபது வந்தது. நாற்பத்தாறு தலைகளும் குனிந்திருந்தன. பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. முப்பது தாண்டியபோது இரண்டாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. ஜபீன். சாக்பீஸை நீட்டிக்கொண்டே ஓரடி முன்னால் போனேன்.

அவள் எழுந்து நின்றாள். போர்டைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், இதுக்குக் கீழ கோடு போடணுமா?"

நான் சாக்பீஸை மேஜைமேல் வைத்தேன்.

"போடும்மா" என்றேன்.